சோறு வரை வந்த கை

தனுவச்சபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது ஷைனி போன் செய்தாள். பிசியோதெரபி நிலையத்தில் டோக்கன் கொடுக்கிற பெண். "சாரே, நம்ம கிறிஸ்டபெல் அக்கா இன்னைக்குக் காலத்த போயிட்டாவ" என்றாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்; அவள் அழுவது காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை. அதற்குள் பஸ் வந்தது. "சார் கேறுந்நில்லே?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்ல, அடுத்ததுல வாறேன்" என்றேன். அடுத்ததிலும் ஏறவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் கிறிஸ்டபெல்லிடம் கையையோ காலையோ கொடுத்து, வேலை செய்கிற நிலையில் திரும்ப வாங்கியவர்கள். பாறசாலையிலிருந்து கொல்லயில் ஊருக்குப் போகிற வழியில், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் அவர் இருபது வருடம் பிசியோதெரபி செய்தார். அழுது வடிகிற அஞ்சலியை எழுதினால் முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதில் நான் கொஞ்சம் கோமாளியாகத் தெரிவேன், பரவாயில்லை.

ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை பலகையாக இருந்தது. பாதிக்கு மேல் மடங்கவில்லை. 'ஃப்ளெக்‌ஷன்' குறைவு, 'கான்ட்ராக்சர்' என்று டாக்டர் சீட்டில் எழுதினார். மகள் கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்தது. வீட்டில் மனைவி ஊட்டிவிட்டாள். பந்தியில் சம்பந்தி பக்கத்தில் இலை போட்டு உட்காரும்போது அவள் ஊட்ட முடியுமா? இடது கையால் சாப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அப்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள், பேரப்பிள்ளை பிறந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். வலது கையால் ஒரு வாய் சோறு உண்ணவேண்டும். எனக்கு அப்போது வேறு லட்சியம் எதுவும் இல்லை.

நான் முப்பது வருடம் தமிழ் வாத்தியார். வலியில் இருந்தாலும் புத்தி சும்மா இருக்குமா? மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் எழுதும் நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஃப்ளெக்‌ஷன் மடக்கல், ஃப்ளெக்சர் வளைவு, கான்ட்ராக்சர் இறுகல், ப்ளைக்கா மடிப்பு. முதல் நாளே அதைக் கிறிஸ்டபெல்லிடம் கொடுத்து, நோயாளிகளுக்குக் கொடுக்கிற பயிற்சித் தாளை நல்ல தமிழில் எழுதித்தருவதாகச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து உரக்க வாசித்தார். "எல்லாரும் துணையுறு தன்மடக்கம் செய்யுங்க." ஒருவரும் அசையவில்லை. தோளில் துண்டு போட்ட மீன்காரப் பாட்டி மட்டும், "இது எந்த ஊரு மருந்தாக்கும் மக்கா?" என்று கேட்டார். "நல்ல கையால சீக்குக் கைய மடக்குங்க" என்றார் கிறிஸ்டபெல். பெஞ்சு முழுக்க மடக்கியது.

"உங்க வார்த்தைக்கு ஒருத்தரும் அனங்கல்ல சாரே" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "டாக்டருக்கு இங்கிலீஷ் உண்டு. நாம எழுதுனது கையிக்கு மனசிலாவணும்." அப்படித்தான் அந்தத் தாள் உருவானது. நான் எழுதுவேன், அவர் பெஞ்சுக்கு வாசிப்பார், ஆட்கள் சரியான மூட்டை அசைத்தால் வார்த்தை நிற்கும், இல்லாவிட்டால் அடித்துவிடுவார். ஒன்பது வார்த்தைகளைப் பறிகொடுத்தேன். 'மடக்கு', 'நீட்டு' இரண்டும் தேறின. அவற்றை நான் உருவாக்கவில்லை என்பதைக் கிறிஸ்டபெல் சொல்லிக்காட்டத் தவறவில்லை.

முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அவர் கோணமானி வைத்து அளப்பார், டாக்டருக்கு எழுதிவைப்பார், நம்மிடம் சொல்லமாட்டார். நமக்கென்று சுவரில் ஒரு அட்டை. கீழிருந்து மேலே நான்கு படி: பட்டன், சோறு, கம்மல், கொண்டை. கை எதுவரை போகிறதோ அதுதான் அளவு. "கம்மல் எல்லாம் ஒரு அளவா?" என்று நான் சண்டைக்குப் போனேன். "டிகிரிய வீட்டுல போய்ச் சொன்னா யாருக்குச் சந்தோஷம்? கம்மல் போட்டேன்னு சொன்னா எல்லாருக்கும் சந்தோஷம்லா" என்றார். என் வழுக்கையைப் பார்த்து, "சாருக்குக் கொண்டை வேண்டாம்" என்று அந்தப் படியைத் தள்ளுபடி செய்தார்.

வலியைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. "நோவும் சாரே. நொந்தா சொல்லுங்க, கேப்பேன். நிறுத்தமாட்டேன்." சொன்னபடியே செய்தார். நான் கத்துவேன், "ஆமா, கேட்டாச்சு" என்பார், கையை இன்னும் கொஞ்சம் மடக்குவார்.

ஏழாவது வாரம் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். கை வாய்க்கு வரவில்லை. வாயைக் கைக்குக் கொண்டுபோனேன். கழுத்தை வளைத்து, தோளைச் சரித்து, ஒரு வாய் தோசை உள்ளே போயிற்று. மனைவி கைதட்டினாள். மறுநாள் நிலையத்தில், "சோறு வந்தாச்சு" என்று பெருமையாக அறிவித்தேன். கிறிஸ்டபெல் என் கழுத்தைச் சுற்றித் துண்டைத் தடியாகச் சுருட்டிக் கட்டினார், தோளைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார், கையில் ஒரு பழம்பொரி கொடுத்தார், நேந்திரம்பழ பஜ்ஜி. பழம்பொரி வாய்க்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. நான் நாக்கை நீட்டிப் பார்த்தேன். பெஞ்சு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கோபத்தில் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் அவரே போன் செய்தார். "சாரே, மகளுக்குக் கல்யாணமா, உங்க கழுத்துக்குக் கல்யாணமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, போய்விட்டேன். எனக்காக மூன்று வாரம் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கதவைத் திறந்தார். எதற்காக அவ்வளவு செய்கிறார் என்று கேட்டபோது, "உங்க மகள் பந்தியில உங்க கையத்தான் பாத்துட்டிருப்பா. அவ சாப்பிட வேண்டாமா?" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணப் பந்தியில் கிறிஸ்டபெல் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. பக்கத்தில் சம்பந்தி. அவர் என் கையைப் பார்க்கவில்லை, கிறிஸ்டபெல் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து உருண்டையை எடுத்தேன். வலித்தது. கை வந்தது. கடைசியில் போளியையும் பாயசத்தையும் கூடச் சிந்தாமல் சாப்பிட்டேன். எதிரே கிறிஸ்டபெல் தன் கம்மலைத் தொட்டுக் காட்டினார். அடுத்த படி பாக்கியிருக்கிறதாம்!

சென்ற வருடம் அவருக்கே மார்பில் கட்டி எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போனபோது சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்திக்கொண்டிருந்தார், தோள் இறுகிவிடாமல் இருக்க. முகம் வெளுத்திருந்தது. "நோவுதா?" என்றேன். "நோவுது. நீங்க கேட்டுட்டீங்கல்லா, அது போதும்" என்று சிரித்தார். தோள் மூட்டுக்கு என்னென்ன தமிழ்ச் சொல் வைத்திருக்கிறேன் என்று விசாரித்தார். பதினான்கு வாசித்தேன். பன்னிரண்டை அடித்துவிட்டார்.

அடக்க ஆராதனையில் மலையாளத்தில் ஒரு பாட்டும் தமிழில் ஒரு பாட்டும் பாடினார்கள். அழமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். பெட்டியை மூடும்போது தாங்கவில்லை. சர்ச் நிறைய ஆட்கள், அத்தனை பேர் நடுவில் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்த பிறகுதான் கவனித்தேன், வலது கையும் வந்திருந்தது. யாரும் மடக்கச் சொல்லவில்லை, வலிக்கவும் இல்லை. கிறிஸ்டபெல் எனக்கு விட்டுப்போனது இந்தக் கை. அழும்போது அது என் முகத்தை மறைத்துக்கொள்கிறது.