அக்கா படிக்காத இரண்டாம் பாகம்

அந்த நாவலை நூறு பக்கம் தாண்டியவர்கள் கள்ளக்குறிச்சியில் யாரும் இல்லை. நூலகரே சொன்னார்: "எடுத்துக்கினு போறவங்க எல்லாம் ஒரே வாரத்துல திருப்பிக் குடுத்துடறாங்க. உனக்கு இன்னாத்துக்குப்பா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பாகங்களையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

குளிர் நாட்டுக் கதை, மொழிபெயர்ப்பு. ஒரு ஆளுக்கு மூன்று பெயர், ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம். இருபது பக்கத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த என் அக்காதான், லீவில் வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, வழி கண்டுபிடித்தாள். வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டு எங்கள் தெரு ஆட்களை உள்ளே நுழைத்தாள். கோபக்கார ஜமீன்தார் 'ரைஸ்மில்காரர்' ஆனார். எதற்கெடுத்தாலும் அழுகிற அவர் மனைவி எங்கள் சித்தி. பனியில் நொண்டிக் குதிரையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த வண்டிக்காரனுக்கு மட்டும் தெரு ஆள் யாரும் பொருந்தவில்லை. அவனுக்கு 'நம்மாளு' என்று பெயர் வைத்தாள்.

எங்களுக்குள் எதுவும் பஸ்ஸில்தான் போகும். காலை பஸ் கண்டக்டரிடம் துணிப்பையைக் கொடுத்தால் வெள்ளிமலை டீக்கடையில் இறக்கிவிடுவார். ஊறுகாய், கடிதம், புத்தகம் எல்லாம் அப்படித்தான். நான் முதல் பாகத்தை முடித்து அனுப்பினேன். அவள் அதை முடித்துவிட்டு எழுதினாள்: "நம்மாளு ஊர் போய்ச் சேருவானா மாட்டானான்னு தெரியாம சோறு எறங்கல. செவ்வாய்க்கிழமை பஸ்ல ரெண்டாம் பாகத்தைப் போட்டு வுடு."

அதற்குள் நான் இரண்டாம் பாகத்தையும் முடித்திருந்தேன். ஆனால் அனுப்பவில்லை. அதில் ஒரு நாற்பது பக்கம் வரும். நம்மாளு வண்டிச் சக்கரம் பனியில் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் நடப்பது. மூன்று முறை படித்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. நான்காவது முறை, அவன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே தன் வாழ்க்கையில் செய்த ஒவ்வொன்றையும் நினைக்கிறான் என்று பிடிபட்டது. ஐயோ, அந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! சாப்பாட்டை மறந்து திரும்பத் திரும்ப அதையே படித்தேன். செவ்வாய் போனது. அடுத்த செவ்வாய் பார்த்துக்கொள்ளலாம், அக்கா எங்கே ஓடிவிடப் போகிறாள் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும்தான் என்கிற அல்பத்தனமும் கொஞ்சம் இருந்தது.

அடுத்த செவ்வாய் காலை புத்தகத்தைப் பஸ்ஸில் ஏற்றினேன். அன்றைக்குத்தான் இட ஒதுக்கீட்டுக்கான மறியல் ஆரம்பித்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கோரிக்கை நியாயம் என்றுதான் நானும் பேசிக்கொண்டிருந்தேன். மலையேற வேண்டிய பஸ் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்திலேயே நின்றுவிட்டது.

அக்காவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டிருந்தது. மலைக்குளிர் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறியலின் மூன்றாம் நாள் மூச்சு முட்டியது. மலைக்காரர்கள் நான்கு பேர் கம்பில் கம்பளி கட்டி, டோலியில் அவளைச் சுமந்து இறக்கினார்கள். நின்றுகொண்டிருந்த அந்த பஸ்ஸைத் தாண்டித்தான் வந்தார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில், வயல்வழியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு.

மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாம் பாகம் எங்கடா?"

"பஸ்ல போட்டேன்க்கா. பஸ்ஸு கச்சிராயபாளையத்துல நிக்குது."

"செரி, வாயால சொல்லு. நம்மாளு இன்னா ஆனான்?"

சொன்னேன். வண்டி பனியில சிக்குது. தள்ளிப் பாக்கறான், முடியல. குதிரையை அவுத்து வுட்டுட்டு நடந்தே ஊருக்குப் போறான். வூட்ல யாருமே இல்ல. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இவ்ளோதானா? இதுக்காடா ஒரு வாரம் ஜாஸ்தியா வெச்சிக்கினு இருந்த?"

எழுந்துவிட்டேன். "இல்லக்கா, படிச்சாத்தான் தெரியும். இரு, தோ கொண்டாந்துடறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். முதல் மரத்தருகில் மறித்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். "மருந்து வாங்கவா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "பார்த்துப் போப்பா" என்றார்கள். வழியெல்லாம் அப்படித்தான், ஒவ்வொரு மரமாகத் தூக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் படுத்திருந்த கண்டக்டர் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். அந்த நாற்பது பக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிக்கொண்டு திரும்பினேன்.

மதியம் வார்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். நான் போன ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிட்டதாம்.

நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினேன். இத்தனை வருடமாகியும் அந்த நாற்பது பக்கத்தைப் படித்தால் அதே சந்தோஷம் வந்து தொலைக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம்மாளு சக்கரத்தில் தோளைக் கொடுக்கிற வரி வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவேன். யாருமில்லாத அறையில், "இவ்ளோதான்னு இல்லக்கா" என்று வாய்விட்டுச் சொல்வேன்.