முந்நூறு நாற்றும் இரண்டு பையும்

காப்பி நாற்றை நடுவதற்கு முன் பொன்னாயி பையைச் சாய்த்துப் பிடிப்பாள். அரைப் பிளேடால் அடியில் ஒரு விரற்கடை அறுத்து எடுப்பாள். ஆணிவேர் அங்கேதான் சுருண்டு கிடக்கும். பிறகு பக்கவாட்டில் ஒரே கீறல். உரிந்து வரும் கறுப்பு பிளாஸ்டிக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து தன் ஊரான தலைச்சோலைக்குத் திரும்புகையில் இடுப்பு புடைத்திருக்கும்.

"எத்தன மாசம்டி?" என்பாள் கூட நடுகிற சின்னத்தாயி.

"ரெட்டைப் புள்ளைங்க," என்பாள் பொன்னாயி. இருபது வருடமாக இதே கேலி.

அப்பேர்ப்பட்ட பொன்னாயி, போன ஐப்பசியில் தன் சொந்தக் காட்டில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். நட்டு இரண்டாவது மழை. இலையெல்லாம் மஞ்சள், எரு போட்டும் முழங்காலுக்குமேல் வளரவில்லை. செடி முள்ளங்கிபோலக் கையோடு வந்துவிட்டது. பையோடு வந்தது.

வாய்க்கால் நீரில் மண்ணைக் கழுவினாள். பையின் மேலிருந்த பச்சை இலைப் படம் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. உள்ளே வேர் போக்கிடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி நூல்கண்டாய் இறுகியிருந்தது. நீர் வடிகிற ஓட்டைகளில் நாலைந்து வேர்நுனிகள் மட்டும் எட்டிப்பார்த்தன. அடுத்த செடியை இழுத்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். பிறகு அவளுக்கு இழுக்கக் கை வரவில்லை.

அந்தப் பைகள் எஸ்டேட்டுக்கு வந்தது அதற்கு முந்தின வருடம் தை மாதம். கணக்கு எழுதும் ரைட்டர் தனபால் நாற்றுப் பண்ணைக்கே வந்து சொன்னார்: "இது மக்காச்சோள மாவுல செஞ்சதுங்க அம்மணி. பிளாஸ்டிக் இல்ல. கிழிக்காம அப்படியே நட்டுரலாம், மண்ணோட மண்ணாப் போயிரும்."

"தோசையும் ஊத்தலாமுங்களா?" என்றாள் சின்னத்தாயி.

பொன்னாயி சிரிக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நம்புகிற ஆளில்லை அவள். காலிப் பை இரண்டைக் கேட்டு வாங்கி, காப்பிப் பழத்தோல் குவியலுக்குள் தோள்வரை கையைவிட்டுப் புதைத்தாள். அறுவடை முடிந்தால் அந்தக் குவியல் ஆளுயரம் நிற்கும். பனிக்காலையில் ஆவி கிளம்பும். பெண்கள் அதில் கை காட்டிக் குளிர்காய்வார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டாள். சித்திரையில் குச்சியடியில் தோண்டினாள். பை இல்லை. இலைப் படமும் இல்லை. கறுப்பு எருதான் கையில் வந்தது.

அன்றைக்கே தனபாலிடம் போய், அந்தப் பையில் சோதனைக்கு வளர்த்த நாற்றில் முந்நூறு கேட்டாள். தண்டுத்துளைப்பான் புழு தின்று தீர்த்த அவளுடைய காடு மொட்டையாகக் கிடந்தது. காய்க்க நாலு வருடம். அதற்கப்புறம் அடுத்தவர் காட்டில் குனிவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனி மழையில் பையோடு நட்டபோது கை தானாகப் பிளேடு செருகிய இடுப்புக்குப் போய்ப்போய் வந்தது. "பிளேடை இங்க குடு புள்ள, நான் சவரமாவது பண்ணிக்கறேன்," என்று புருஷன் சின்னன் பிடுங்கிக்கொண்டான்.

அந்தச் சின்னன்தான் இப்போது மூன்று செடிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"நீதான புள்ள தோண்டிப் பாத்த?"

"பாத்தனுங்க. இந்தக் கண்ணாலதானுங்க பாத்தேன். நூலளவு பை இல்லீங்க அதுல." குவியலுக்குள் விட்ட வலக்கையை விரித்து, அதனிடமே கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி லீவுக்குச் சேலத்திலிருந்து வந்த மகள் கலா, பையின் அடியிலிருந்த எறும்பளவு இங்கிலீஷ் எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்தாள். "தொழிற்சாலையில மட்க வைக்கிற பையாம்மா இது." மேலும் தேடிப் படித்துச் சொன்னாள். அறுபது டிகிரிக்குப் பக்கமாகச் சூடு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால்தான் அந்தப் பை சீக்கிரம் மட்கும். ஏற்காட்டு மண்ணுக்குள் அதில் பாதிச் சூடுகூட ஏறாது. பொன்னாயி இரண்டு பையைப் புதைத்த, ஆவி பறக்கும் பழத்தோல் குவியலுக்குள் மட்டும் அந்தச் சூடு ஏறும்.