காவி அடித்த சுவர்

கறுப்புச் சட்டம் போட்ட அந்த மூக்குக்கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலூர்க் கடைத்தெருவில் என் சகலை வாங்கிக் கொடுத்தது. அக்காள் தங்கையைக் கட்டியவர்கள் நாங்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஒரே மேசையில் தோல் தரம் பார்த்தவர்கள். நான் வெறும் வயிற்றோடு வந்தால் அவன் சாப்பாட்டில் பாதி எனக்குத்தான்.

தரம் பார்க்க வடக்கு ஜன்னல் வேண்டும். அதில் வெயில் நேராக விழாது. சந்துக்கு அந்தப் பக்கத்து வெள்ளைச் சுவரில் வெயில் பட்டு, அந்த வெளிச்சம்தான் எங்கள் மேசைக்கு வரும். ஆட்டுத்தோலில் சின்னச் செம்புள்ளிகூட அதில் தப்பாது. பெரிய மேஸ்திரி வேலை காலியானபோது முதலாளி எங்களை ஆளுக்கொரு கட்டுத் தோலைத் தரம் பிரிக்கச் சொன்னார். முதல் நாள் சகலை பிரித்தான். மறுநாள் நான் போனபோது எதிர்ச் சுவரில் புதிதாகக் காவி அடித்திருந்தது. பண்டிகைக்கு என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் விழுந்த வெளிச்சமும் சிவந்துதான் இருந்திருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டதே, இந்தப் பாழாய்ப் போன கண்! எல்லாத் தோலும் எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது.

முதலாளி என் கட்டை முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டார். நான் முதல் தரம் என்று வைத்ததிலெல்லாம் செம்புள்ளி. “இன்னாய்யா, கண்ணு அவிஞ்சி போச்சா?” என்றார், அத்தனை பேர் முன்னாலும். வேலை சகலைக்குப் போனது. என்னைத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பினார்கள்.

அவன்தான் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். “அவருக்கு இன்னா தெரியும்? நீ இதப் போட்டுக்க சகல” என்று இந்தக் கண்ணாடியை வாங்கி அவனே மாட்டிவிட்டான். ஐயோ, நான் நன்றியில் அழுதேன்! போட்டதும் தூரத்தில் இருந்ததெல்லாம் கலங்கியது. கண் கெட்டதற்கு அதுவே சாட்சி என்று நம்பினேன். சுண்ணாம்பில் விரல் வெந்த வருடங்களிலெல்லாம் என் கண்ணைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்தான், பேச்சுவாக்கில் சொன்னார். “அப்பல்லாம் உன் சகலயோட ஒரே பேஜாருப்பா. அவசரம்னு சாயங்காலத்துல கூப்ட்டு ஷாப்பு எதிர்ச் செவுத்துக்குக் காவி அடிக்கச் சொன்னான். மேஸ்திரி ஆன கையோட, திரும்ப வெள்ள அடின்றான்.” நேரே சகலையிடம் போய்க் கேட்டேன். பாவி, மறுக்கக்கூட இல்லை. “பழசெல்லாம் இப்ப எதுக்கு சகல? பொம்பளைங்க காதுல வுழப்போவுது” என்றான்.

அன்றைக்கே கண்ணாடியை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். பெட்டியில் வீசிவிட்டு மறந்தேன். இப்போது வயதாகிவிட்டது, கிட்டத்து எழுத்து உண்மையிலேயே தெரியவில்லை. வேதப் புத்தகம் படிக்க எத்தனையோ கண்ணாடி மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. அவன் வாங்கிக் கொடுத்ததுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது.