புளி போட்டுத் தேய்த்த கோயில்

கொரோனா முடக்கத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், சுவிஸின் ஓல்டன் நகரில் நடந்த ஒரு நாணயச் சந்தையில் வெண்கலக் காசு ஒன்று வாங்கினேன். ரோமர் ஆட்சியில், அலெக்சாந்திரியாவில் அடித்தது. ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் எகிப்தியக் கோயில்: இரண்டு தூண்கள், நடுவே தேய்ந்துபோன ஒரு தெய்வம். அதன் தலையைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. தலைமேல் தானியம் அளக்கும் மரக்கால் இருந்தால் சராப்பிஸ். கொம்பும் சூரியத் தட்டும் இருந்தால் ஈசிஸ். எந்தத் தெய்வம் என்று கண்டுபிடிக்கத்தான் அதை வாங்கினேன்.

நான் ஆய்வுகூட வேலை படித்தவள், அவசரப்பட வராது. காலி யோகர்ட் சாடியில் காய்ச்சி வடித்த நீர், வாரம் ஒருமுறை நீர் மாற்றுதல், உலர்த்துதல், எடை பார்த்தல், ஒரு படம். களிம்பு மெல்ல இளகத் தொடங்கியிருந்தது. வேலை முடிந்து வந்து அந்தச் சாடியைப் பார்ப்பது எனக்குப் பிடித்த நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை, காசு உலரட்டும் என்று சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் அது சாமித்தட்டில், முருகன் படத்துக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு மின்னியது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். காசில் கோயிலைக் கண்டதும் அதையும் சேர்த்துத் தேய்த்திருந்தார்.

தூண்கள் இருந்தன. களிம்போடு தெய்வத்தின் தலை போய்விட்டது. திருப்பிப் பார்த்தால், பேரரசர் பழையபடி பச்சையாகவே இருந்தார். அவரை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“அது ஆரோ மனுசன். அவரை நான் ஏன் பிள்ளை தேய்க்கிறன்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான், புளியில் தெய்வத்தின் தலையும் கரைந்துபோனதை விளக்கினேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டார். நான் எடுத்திருந்த படங்களைக் கணினியில் பெரிதாக்கி இருவருமாகப் பார்த்தோம். அம்மா சூரியத் தட்டு என்றார். எனக்கு மரக்கால் போலத் தெரிந்தது. அடித்துச் சொல்ல இருவராலும் முடியவில்லை.

“அப்ப ஆரெண்டு இனித் தெரியாதோ?”

“தெரியாது, அம்மா.”

“சாமித்தட்டிலயிருந்து எடுத்துவிடட்டோ?”

வேண்டாம் என்றேன். காசு இன்னும் அங்கேதான் இருக்கிறது, கோயில் பக்கம் மேலே. விளக்குக்குப் புளி, காசுக்கு உலர்ந்த துணி என்று பேசிவைத்திருக்கிறோம். பூ வைக்கும்போது அம்மா தூண்களுக்குக் கீழே வைக்கிறார், தலை இருந்த இடம் மறையாமல்.