மாமா கை நனைத்த தயிர்ச்சோறு

என் மாமாவின் வயிறு புண்ணானதற்குக் காரணம் பெண் பார்க்கப் போன வீடுகளில் தின்ற பஜ்ஜிதான் என்று எங்கள் வீட்டில் எல்லோருமே நம்பினோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் தன் அக்காவான என் அம்மாவின் பின்னால் போய், யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியிலாவது உட்காருவார். பஜ்ஜி வரும், காபி வரும், பெண்ணும் வரும். தம்பிக்கு ராணி மாதிரிப் பெண்தான் வேண்டும் என்றிருந்த அம்மா, “ஊட்டுக்குப் போய் சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்துவிடுவாள். சொல்லி அனுப்பியதே கிடையாது. மாமாவும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

நெஞ்செரிச்சல் தாங்காமல் ஆவடியில் ஒரு டாக்டரிடம் போனார். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் ஒரு கிருமி குடியேறியிருந்தது. அதைக் கொல்ல மாத்திரைகள் கொடுத்த டாக்டர், கூடவே நல்ல கிருமிகள் அடைத்த கேப்சூலும் எழுதினார். கொல்வது மாத்திரைதான், இவை இரைப்பையின் வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், எல்லோருக்கும் தணியும் என்று சொல்ல முடியாது என்றார். காரம் கூடாது, தயிர் சாப்பிடலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாமா எனக்கு அதைத் தன் பாஷையில் விளக்கினார்.

“கெட்டவன் ஒருத்தன் உள்ள பூந்து செவுத்த ஒடைச்சிகினு கீறான். மாத்திர அவன தொரத்தும். இந்த கேப்சூல்ல கீறவங்க கொத்தனாருங்க. செவுத்துக்கு பூச்சு பூசுவாங்க.”

நான் கேப்சூலைக் காதருகே வைத்துக் கேட்டேன். உள்ளே யாரும் பேசவில்லை.

வெள்ளானூரில் பெண் பார்க்க நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வயிற்றில் கிருமி என்று தெரிந்தால் இனி யாரும் பெண் தரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். பஜ்ஜியைத் தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் மாமாவின் பஜ்ஜியை யாருக்கும் தெரியாமல் தின்று தீர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு இதைவிட நல்ல வேலை இதுவரை கிடைத்ததில்லை.

வந்தது மிளகாய் பஜ்ஜி. மாமாவின் தட்டை ஏறக்குறையக் காலி செய்தபோது கண்ணில் நீர் கொட்ட, விக்கல் பிடித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா என் முதுகைத் தட்டி, மாமாவுக்கு வேறு தட்டு கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான், அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா வயிற்றில் கெட்டவன் இருக்கிறான், கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள், மாமாவுக்குத் தயிர்தான் ஆகும், பஜ்ஜி ஆகாது.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

“தயிர் கீது. சோறு பெசஞ்சி எடுத்தாரட்டா?”

அம்மா பதறினாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி, காபியோடு எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் பேச்சை மாற்றக்கூடாது. அதெல்லாம் வேண்டாம், நேரமாகிறது என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் மாமா வாய் திறந்தார்.

“எடுத்தா.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கை கழுவி வந்தார். நிதானமாகச் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் போடச் சொன்னார். அம்மா கைப்பையோடு மறுபடி உட்கார்ந்தாள். பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, ஒரு மணி நேரம் வயிற்றைக் கட்ட முடியாதா என்று அம்மா திட்டித் தீர்த்தாள். “பசி தாங்கலக்கா” என்றார் மாமா. நானும் அவருக்காகப் பரிந்து பேசினேன், பாவம், பஜ்ஜி முழுக்க நான்தானே தின்றேன் என்று. பிறகு வயிறும் ஆறியது. டாக்டர் மாத்திரையால் என்றார், மாமா இன்றுவரை அந்தத் தயிரால் என்கிறார்.

அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவரும், தலை நிமிராமல் நின்றவளும், அத்தனை பெரியவர்கள் முன்னால் தாங்களே கேட்டு, தாங்களே பதில் சொல்லி, தங்கள் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த எனக்கு, மாமாவுக்கு நல்ல பசி என்பது மட்டும்தான் புரிந்தது.