முப்பத்தாறு ரூபாயும் ஒரு சாக்குக் கட்டும்

வாவு முகம்மது எனக்கு முப்பத்தாறு ரூபாய் தர வேண்டியிருந்தது. 1949-இல் பாம்பனில் அவருடைய கருவாட்டுக் கிட்டங்கியில் நான் மூட்டை தூக்கிய மூன்று மாதக் கூலி. வாய் திறந்து கேட்டேன். சாக்குக் கட்டைத் திருடிவிட்டேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு மாதம் உள்ளே கிடந்தேன்.

வெளியே வந்து, ஜெயிலை மறைத்து இரண்டு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து நாள் தாண்டவில்லை. வாவு ஆள் விட்டுச் சொல்லிவிடுவார்.

அடுத்த தடவை நான் முந்திக்கொண்டேன். தொண்டியில் கருவாட்டு வியாபாரம் செய்த பெண்மணி சாலிஹா லாத்தா முன்னால் போய் நின்றேன்.

“லாத்தா, திருட்டுக் கேசுல உள்ள போயிட்டு வந்தவன் நான். பொய்க் கேசு. இஷ்டமிருந்தா வேலை குடுங்க.”

அவர் சிரித்தார். “ஏலே, இங்கன இருக்குற மூணு பேருமே களவாணிப் பயலுகதான். சொல்லிட்டு வாரவன் நீ ஒருத்தன்தான். இந்தா, கிட்டங்கிச் சாவி.”

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பன்னிரண்டு வருஷத்தில் அதே தொண்டியில் சொந்தமாக இரண்டு கிட்டங்கி எழுப்பினேன். லாத்தா தந்த சாவியைத் தவிர எவன் தயவும் அதில் இல்லை.

1963-இல் வாவு என் வாசலுக்கு வந்தார். இலங்கைக்குக் கள்ளச் சரக்கு ஏற்றி மாட்டி, ஆறு மாதம் உள்ளே இருந்தவர். பாம்பனில் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லையாம்.

“மதாரு, தராசுல நிக்கிற வேலை ஏதாச்சும்...”

“போலீஸ் கேசு ஏதும் உண்டா காக்கா?” அண்ணன் என்ற மரியாதையோடுதான் கேட்டேன்.

“ஒனக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும். இவுகளுக்குத் தெரியணும்ல?” கருவாடு தரம் பிரித்த பெண்களும் மூட்டைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உள்ள போயிட்டு வந்தவன்தான்” என்றார், தரையைப் பார்த்து.

“அந்தச் சாக்கு?”

“நீ எடுக்கலப்பா. கூலி கேட்டே, அதான்...”

“சத்தமாச் சொல்லுங்க.”

சொன்னார். மாதம் நாற்பது ரூபாய்க்குச் சேர்த்துக்கொண்டேன். வயசான மனுசன், விட்டுவிடு என்றார்கள். எனக்கு இருபது வயசில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் சம்பளம் அத்தனையும் ஒற்றை ரூபாய் நோட்டாகக் கொடுத்தேன். அவர் மடியில் வைக்கப் போனார். நான் உள்ளங்கையை விரித்தேன்.

“பாம்பன் கூலி, காக்கா.”

அவர் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக என் கையில் எண்ணி வைத்தார், முப்பத்தாறு வரைக்கும்.