அன்ரியின் வெள்ளிக்கிழமைக் கோழி

சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அன்ரி சுத்த சைவம். முட்டைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

காலி வீதியில் புதிதாக ஒரு கடை திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் கம்பியில் சுற்றிச் சுற்றி, நெய் சொட்டச் சொட்டச் சிவந்துகொண்டிருக்கும். வேலை விட்டு வரும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை நாக்கு வென்றுவிட்டது. முழுக் கோழி ஒன்று வாங்கினேன். மணம் வெளியே வரக்கூடாதே என்று பொலித்தீன், பேப்பர், மறுபடி பொலித்தீன் என்று சுற்றி, ஒட்டுற ரேப் போட்டு இறுக்கினேன். அன்ரி சாமியறைக்குள் போய்விட்டாரா என்று பார்ப்பதற்காக, பார்சலைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

ஆளில்லாத பார்சலைக் கண்டால் குண்டென்று கொழும்பே ஓடும் காலம் அது. கோழி மயக்கத்தில் எனக்கு அது நினைவில்லை.

கீழ்வீட்டுக்காரர் கண்டு கத்திவிட்டார். எல்லோரும் வீட்டை விட்டு வெளியே ஒழுங்கைக்கு ஓடினோம். சந்தியில் நின்ற ஆமிக்காரர்கள் துவக்கோடு வந்து, யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு நிற்கும் பெடியன் "என்னுடையது" என்றால், கோழியை யார் பார்க்கப்போகிறார்கள்? முதலில் என்னைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள். போதாததற்குப் பக்கத்தில் விபூதியோடு அன்ரி. அவரைவிட ஆமி பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

எவ்வளவு சுற்றியும் சூட்டில் மணம் கசிந்திருக்கிறது. பயத்தில் எங்கள் ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அன்ரிக்கு மட்டும் செய்தது. மூக்கைச் சுளித்தார், என்னைப் பார்த்தார், நேரே ஆமிக்காரனிடம் போனார்.

"மல்லி, ஏக்க குக்குல் மஸ். மகே."

தம்பி, அது கோழியிறைச்சி, என்னுடையது என்று அர்த்தம். அவரோடு கோயிலுக்குப் போகும் சனமெல்லாம் வாயைப் பிளந்தபடி நின்றது.

ஆமிக்காரன் ரேப்பை வெட்டினான். உள்ளே கோழி காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்ரி பார்சலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் நடுவால் மேலே ஏறினார்.

என் அறை வாசலில் அதை நீட்டினார்.

"சூடு ஆற முதல் சாப்பிடும் தம்பி. இனி வாங்கினா ஒளிக்காமக் கொண்டு வாரும். வெள்ளிக்கிழமையில மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தீட்டுப் போகத் தலைக்கு வார்க்கப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக எலும்புவரை சாப்பிட்டேன்.

ஒழுங்கைச் சனம் அதன்பிறகு அன்ரியை "வெள்ளிக்கிழமைக் கோழி" என்று நக்கலடித்தது. அவர் ஒருவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது கம்பியில் கோழி சுற்றுவதைக் கண்டால், கோழியை வாயில் வைக்காமலே எனக்காகக் கோழி தின்றவராகிப்போன அந்த மனுசியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன், வெள்ளிக்கிழமையாக இருந்தால் வாங்குவதேயில்லை.